காரைக்குடியில் கிடைத்த பழைய மோர்ஸ் கீ: புளி போட்டுத் தேய்க்கலாமா?

மீனா_சிவகங்கை:

எல்லோருக்கும் வணக்கம். ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் ஜெனரல் கிரேடு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் (புள்ளியும் கோடுமாகச் சேதி அனுப்பும் முறை) அனுப்பவும் வாங்கவும் தெரியவேண்டுமே, அதற்காக இதுவரை ஒரு சின்ன பிளாஸ்டிக் கீயில் பழகிவந்தேன். போன வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில், எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் மரச்செதுக்கல்களுக்கும் நடுவில் ஒரு நிஜத் தந்திக் கீ கிடந்தது. 3,500 ரூபாய் சொன்னார், 2,800க்குப் பேசி முடித்தேன்.

அடிப்பலகை தேக்கு போலத் தெரிகிறது, நன்றாகக் கறுத்துவிட்டது. மேலே கெட்டியான பித்தளைக் கை (அமுக்கினால் ஏறி இறங்கும் நெம்பு), ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. குமிழ் கறுப்பு, ஆனால் மேல்பக்கம் வெளிறிப் பழுப்பாகிவிட்டது. வயர் மாட்டும் முனைகள் மூன்று இருக்கின்றன. நான் பார்த்த கீ எல்லாவற்றிலும் இரண்டுதான், அதனால் மூன்றாவது எதற்கு என்று புரியவில்லை. கையைத் தாங்கும் இரண்டு பக்கத் திருகுகளில் ஒன்றின் பூட்டு நட்டைக் காணோம், அதனால் கை இடமும் வலமும் லேசாக ஆடுகிறது. அமுக்கும்போது ஒன்றையொன்று தொடும் காண்டாக்ட் முனைகள் கரி பிடித்தமாதிரி இருக்கின்றன.

கடைக்காரர் கொடுப்பதற்கு முன்னால் "புளி போட்டு ஊறவைத்துத் தேய்த்துத் தருகிறேன், தங்கம் மாதிரி ஆகிவிடும்" என்றார். எதற்கோ மனசு ஒப்பவில்லை, அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது வீட்டில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். தேய்க்கலாமா? இதை என் ரிக்கில் (ரேடியோ செட்டில்) மாட்டி உண்மையிலேயே அனுப்ப முடியுமா, இல்லை அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும்தானா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இணையத்தில் ஒருவர் "டைட்டானிக் காலத்து ஒயிட் ஸ்டார் லைன் மோர்ஸ் கீ" என்று ஒன்றை 6,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

கோவை_அலைவரிசை:

தாராளமாகத் தேய்க்கலாம். நான் என்னுடையதை முதலில் விபூதி போட்டு, அப்புறம் பித்தளை பாலிஷ் திரவம் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. காண்டாக்டுக்கு ஜீரோ நம்பர் உப்புத்தாள் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பூட்டு நட்டுக்கு ஹார்டுவேர் கடையில் எம்4 அல்லது எம்5 (4, 5 மி.மீ. அளவு) கேட்டுப் பாருங்கள்.

பழைய_தந்திக்காரன்:

மீனா, புளியைத் தடுத்து நிறுத்தியதற்கே உங்களுக்கு ஒரு பாராட்டு. கோவை நண்பர் தவறாக நினைக்கவேண்டாம், அவர் சொன்ன மூன்றிலும் எனக்கு வேறு கருத்து உண்டு. காரணத்தோடு சொல்கிறேன்.

நான் ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சேலம் பக்கத்து ஸ்டேஷன்களில் மோர்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கீயையும், வரும் சேதியைத் தட்டொலியாக்கும் சவுண்டரையும் துடைத்து, சரிசெய்து, ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுப்பது என் வேலையில் சேர்த்தி. ஓய்வுக்குப் பிறகும் அதே வேலையைத்தான் ஆசைக்குச் செய்கிறேன். என் கணக்கில் கீயைப் புதுப்பிப்பது என்றால் அது மறுபடி ஒழுங்காக அடிக்கவேண்டும், அவ்வளவுதான். பளபளப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பளபளப்பைத் தேடிப் போனவர்கள் கெடுத்து வைத்த கீக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

முதலில் புளி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கலாம், விளக்கு முழுக்கப் பித்தளை, உடனே கழுவித் துடைத்துவிடுகிறோம். கீ அப்படி இல்லை. பித்தளைக்குள் எஃகுத் திருகு, எஃகு ஊசிமுனை, ஸ்பிரிங், அடியில் மரம். புளித் தண்ணீர் திருகுப் புரிக்குள் இறங்கினால் வெளியே வராது. ஆறு மாதம் கழித்து எஃகு துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். அதோடு, நெடுநேரம் அமிலத்தில் ஊறினால் பித்தளையின் மேல்பரப்பிலிருந்து துத்தநாகம் கழன்றுபோய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். அங்கங்கே ரோஜா நிறத் திட்டுகளாகத் தெரியும். அந்த நிறத்தைப் பார்த்தாலே புளியோ எலுமிச்சையோ போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

அடுத்து பாலிஷ் திரவம். பல பாலிஷ்களில் அம்மோனியா உண்டு. இழுவிசையில் இருக்கும் பித்தளைக்கு அம்மோனியா பரம எதிரி. இது நம் நாட்டிலேயே கண்டுகொண்ட விஷயம்: பிரிட்டிஷ் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது, எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் தாமாக விரிசல் விட்டுக் கிடந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவானது. கெட்டியான கைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வளைத்துச் செய்த மெல்லிய பித்தளைத் தகடு, இறுக்கி முறுக்கிய நட்டு, இவற்றில் மிச்சம் தங்கிய பாலிஷ் மெதுவாக வேலையைக் காட்டும். போதாததற்கு, வெள்ளைப் பொடி எழுத்துகளுக்குள் அடைந்துகொண்டு எந்தப் பல்துலக்கியாலும் வராது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், பழைய கருவிப் பித்தளை பெரும்பாலும் வெறும் பித்தளை அல்ல. தயாரித்த இடத்திலேயே மெல்லிய லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பூச்சு) பூசித் தேன் நிறத்தில் அனுப்புவார்கள். உங்கள் கீயில் கைபடாத மூலைகளை, குறிப்பாகக் கையின் அடிப்பக்கத்தை, டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் பொன்மஞ்சள் பூச்சு மிச்சம் இருந்தால் அதுதான் உங்கள் கீயின் அசல் தோல். ஒரே ஒரு தரம் தேய்த்தால் போய்விடும், திரும்பக் கொண்டுவர வழியில்லை.

நான் செய்வது இவ்வளவுதான். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின்மேல் வைப்பேன். ஸ்குரூ டிரைவர் திருகின் வாயில் ஆடாமல் பொருந்தவேண்டும், பொருந்தாததைப் போட்டுத் திருகின் வாய் சிதைந்த கீக்கு மதிப்புப் பாதி. பித்தளைப் பாகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு மிருதுவான பிரஷால் கழுவி, உடனே துடைத்து, நிழலில் காயவைப்பேன். பச்சைக் களிம்பு இருக்கும் இடத்தில் மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டுவேன். மரத்துக்கு ஈரம் பிழிந்த துணி, காய்ந்தபின் கொஞ்சம் தேன்மெழுகு. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சிக்குப் பிடித்துத் தூசியெல்லாம் ஒட்டும். குமிழ் எபனைட்டாக இருக்கும், ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் செய்த பொருள். விரலால் கொஞ்ச நேரம் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கந்தக வாடை வரும். வெயில் பட்டுப்பட்டுத்தான் பழுப்பாகிறது. சுடுதண்ணீர் பட்டால் இன்னும் மோசமாகும், அதனால் உலர்ந்த துணியால் மட்டும் துடைத்து, ஜன்னலோரம் வைக்காமல் இருங்கள்.

இப்போது காண்டாக்ட். கீயின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

கறுத்திருக்கிறது என்றால் அநேகமாக வெள்ளி, மேலே படிந்திருப்பது வெள்ளி சல்பைடு. அன்றைக்குத் தந்தி லைனில் நல்ல வோல்டேஜ் இருந்தது, அமுக்கும்போது அந்தக் கறுப்புப் படலத்தைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் போய்விடும். இன்றைய ரிக்கின் கீ முனையில் இருப்பது சில வோல்ட், சில மில்லி ஆம்பியர். அதற்குப் படலத்தைத் துளைக்கும் தெம்பு கிடையாது. அதனால்தான் ரயில்வேயில் வருஷக்கணக்காக ஓடிய கீயை இன்று ரிக்கில் மாட்டினால் விட்டு விட்டுப் பேசும். பலர் கீ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். கீ கெடவில்லை. அன்றைக்கு அழுக்கோடு சமாளித்த அதே காண்டாக்ட் இன்றைக்குச் சுத்தமாக இருந்தாகவேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அதன் துகள் வெள்ளிக்குள் பதிந்துகொள்ளும், பதிந்த துகள் மின்சாரத்தைக் கடத்தாது. வெள்ளியும் ஒரு மெல்லிய பொட்டுதான், நாலு முறை இழுத்தால் அடியில் பித்தளை தெரியும். நல்ல பாண்டு பேப்பரை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு நனைத்து, இரண்டு காண்டாக்டுக்கும் நடுவில் வைத்து, கையை லேசாக அமுக்கிக்கொண்டு இழுங்கள். பேப்பரில் கறுப்புக் கோடு விழும். புதுத்துண்டு எடுத்து மறுபடி இழுங்கள். கோடு விழுவது நிற்கும்வரை இப்படியே. கடைசியில் காய்ந்த பேப்பரால் ஒரு இழுப்பு. வெள்ளி மினுங்கவேண்டியதில்லை, சாம்பல் நிறத்தில் இருந்தாலும் வேலை செய்யும்.

மூன்று முனை விஷயம். அமெரிக்கத் தந்தியில் லைனில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அனுப்பும்போதுதான் அறுப்பார்கள். அதனால் அந்தக் கீயில் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டை இருக்கும், அனுப்பி முடித்ததும் அதைத் தள்ளி லைனை மூடிவிடவேண்டும். பிரிட்டனிலும் இங்கேயும் நேர்மாறு. அனுப்பும்போது மட்டும்தான் பேட்டரி லைனில் ஏறும். கை சும்மா இருக்கும்போது பின்பக்கக் காண்டாக்டில் உட்கார்ந்து, லைனை நம் சவுண்டரோடு சேர்த்துவைக்கும். அமுக்கினால் அது விலகி, முன்காண்டாக்ட் வழியாகப் பேட்டரி சேரும். நடு முனை லைன், பின்முனை சவுண்டர், முன்முனை பேட்டரி. உங்கள் ரிக்குக்கு நடுவும் முன்னும் போதும், பின்முனையைச் சும்மா விட்டுவிடுங்கள். மல்டிமீட்டரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பூட்டு நட்டைப் பற்றி அளந்து சொல்லுங்கள். அதுவரை ஹார்டுவேர் கடைத் திருகு எதையும் நுழைக்காதீர்கள்.

மீனா_சிவகங்கை:

ஐயா, ரொம்ப நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன், கையின் அடிப்பக்கத்தில் நீங்கள் சொன்ன தேன் நிறம் அப்படியே இருக்கிறது! மேல்பக்கத்தில் தேய்ந்து போயிருக்கிறது.

சோப்புத் தண்ணீரில் கழுவும்போது ஒன்று கண்ணில் பட்டது. கையின் பின்முனையில் மூன்று ஆங்கில எழுத்துகள் லேசாகக் குத்தியிருக்கின்றன: எஸ், ஐ, ஆர். பக்கத்தில் ஒரு எண், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் படிக்க முடிகிறது. விரலால் தடவினால்தான் தெரிகிறது, அவ்வளவு மங்கல். கடைக்காரர் "2013இல் தந்தி ஆபீஸ் மூடியபோது வந்த சரக்கு" என்று சொன்னார்.

மல்டிமீட்டரில் நீங்கள் சொன்னபடியே வருகிறது. சும்மா இருக்கும்போது நடுவும் பின்னும், அமுக்கினால் நடுவும் முன்னும். நட்டு உட்காரவேண்டிய பக்கத் திருகின் குறுக்களவு வெர்னியரில் 4.7 மி.மீ. காட்டுகிறது. எம்5 நட்டு போட்டால் லூஸாக ஏறுகிறது, ஆனால் இறுக்கினால் பிடிக்காமல் வழுக்குகிறது.

டைட்டானிக் கீயைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

ஸ்பார்க்ஸ்_தூத்துக்குடி:

டைட்டானிக் கீயை நான் பார்த்துக்கொள்கிறேன். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன், 1999 பிப்ரவரி 1ஆம் தேதி ஜிஎம்டிஎஸ்எஸ் (கப்பல் ஆபத்துச் செய்திக்கான புதிய உலக ஏற்பாடு) முழுமையாக அமலுக்கு வந்து எங்கள் பிழைப்பு மாறும்வரை மோர்ஸில்தான் கடலோடு பேசிக்கொண்டிருந்தேன்.

வாங்காதீர்கள் மீனா. டைட்டானிக்கின் ரேடியோக் கருவிகள் மார்க்கோனி கம்பெனியுடையவை. ஆபரேட்டர்களும் மார்க்கோனி கம்பெனிச் சம்பளக்காரர்கள். கப்பல் கம்பெனி கட்டணம் கொடுத்துச் சேவையை வாங்கிக்கொண்டது. அப்புறம் கீயில் கப்பல் கம்பெனி பெயரைக் குத்த யாருக்கு என்ன வேலை? ஒயிட் ஸ்டார் லைன் என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்தாலே அலங்காரச் சாமான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காண்டாக்டையும் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்பார்க் (மின்பொறி) டிரான்ஸ்மிட்டரின் கனத்த மின்சாரத்தைக் கீ நேராகத் தாங்கவேண்டியிருந்தது, அதனால் காண்டாக்ட் சட்டைப் பொத்தான் மாதிரி தடிமனாக இருக்கும். இந்த அலங்காரக் கீக்களில் சும்மா ஒரு திருகு முனை இன்னொரு திருகு முனையில் மோதும். எல்லாப் பாகமும் ஒரே மாதிரி மின்னும், குமிழின் ஓரம்கூட தேய்ந்திருக்காது. பல வருஷம் விரல் பட்ட குமிழில் கட்டைவிரல் உட்காரும் பக்கம் மட்டும் வழுவழுப்பாகியிருக்கும். அதை யாரும் பட்டறையில் உண்டாக்குவதில்லை.

உண்மையான கப்பல் கீ வேண்டுமானால் மார்க்கோனி 365 வரிசையைத் தேடுங்கள். கனமான மூடிய உடம்பு, மெதுவான அடி, மணிக்கணக்காக அடித்தாலும் மணிக்கட்டு நோகாது. குஜராத்தின் அலங்கில் உடைக்கும் பழைய கப்பல்களிலிருந்து ரேடியோ அறைச் சாமான்கள் கிலோக்கணக்கில் வெளியே வருகின்றன, நம் நாட்டு ஹாம்களிடம் இருக்கும் கப்பல் கீக்களில் பல அந்த வழியாக வந்தவைதான். ரேடியோ அறைக் கடிகாரம் கிடைத்தால் விடாதீர்கள். 15 முதல் 18 நிமிடம் வரையும் 45 முதல் 48 வரையும் முகப்பில் சிவப்புப் பட்டை இருக்கும். அந்த மும்மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸில் உலகம் முழுக்க எல்லாக் கப்பலும் வாயைப் பொத்திக்கொண்டு, யாராவது எஸ்ஓஎஸ் கொடுக்கிறார்களா என்று காது கொடுக்கவேண்டும். அந்தச் சட்டத்தை மதித்து வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பட்டையின் அருமை தெரியும்.

ராணுவக் கீக்களும் சேர்க்கத் தோதானவை, விலையும் கைக்குள் இருக்கும். பிரிட்டிஷ் 'டபிள்யூடி 8 ஆம்ப்' கீ கறுப்பு பேக்கலைட் அடியில் வரும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏராளமாகச் செய்தார்கள். அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து, சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா, இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவில் அம்பு இருந்தால் ஆஸ்திரேலியா. அமெரிக்க ஜே-38இல் பெரியவர் சொன்ன அந்தப் பக்கக் கட்டை இருக்கும். அதை மூடிவைத்துவிட்டு ரிக்கை ஆன் செய்தால் தொடர்ந்து 'பீ' என்று கத்தும், பயப்படவேண்டாம், கட்டையைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

வைப்ரோபிளெக்ஸ் மாதிரி பக்கவாட்டில் ஆடும் கீ மேல் ஆசை வந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஹொரேஸ் மார்ட்டின் 1904இல் பேட்டன்ட் வாங்கியது. நாள் முழுக்க அடித்து மணிக்கட்டு செத்துப்போன தந்திக்காரர்களுக்காகவே வந்தது. கட்டைவிரலால் ஒரு பக்கம் தள்ளினால் ஸ்பிரிங் தானே துடித்துப் புள்ளிகளைக் கொட்டும், கோட்டை மட்டும் நீங்கள் போடவேண்டும். தண்டில் இருக்கும் எடையை நகர்த்தினால் புள்ளியின் வேகம் மாறும். அருமையான கருவி, ஆனால் அதன் புள்ளிகள் 8 வார்த்தை வேகத்துக்கு ரொம்பவே விரைவு. முதலில் நேர்க் கீயில் கை பழகட்டும்.

பழைய_தந்திக்காரன்:

ஸ்பார்க்ஸ் சார் சொன்னது அத்தனையும் சரி. கட்டைவிரல் தேய்மானம் என்றாரே, அதை நானும் முதலில் பார்ப்பேன்.

மீனா அம்மா, உங்கள் செய்தியைப் படித்துவிட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இந்தியன் ரயில்வே. 1951 ஏப்ரல் 14இல் அந்தக் கம்பெனியையும், மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயையும், மைசூர் ரயில்வேயையும் சேர்த்துத்தான் தெற்கு ரயில்வே உண்டானது. ஆகவே உங்கள் கீயில் அந்த எழுத்தைக் குத்தியது அதற்கு முன்னால். கடைக்காரர் சொன்ன 2013 கதை பொருந்தாது. அந்த வருஷம் ஜூலையில் தந்திச் சேவை நின்றது உண்மைதான், ஆனால் அதற்கு ரொம்ப காலம் முன்பே தந்தி ஆபீஸ்கள் மோர்ஸைவிட்டு டெலிபிரிண்டர், கம்ப்யூட்டர் என்று போய்விட்டன. போதாததற்கு இது தபால் தந்தி இலாகாவின் கீயே இல்லை, ரயில்வேக் கீ. ஏதோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் பக்கத்து ஸ்டேஷனோடு பேசிக்கொண்டிருந்தது.

அந்த எழுத்தின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு துணிச் சக்கரத்தில் வைத்து பஃப் அடித்திருந்தால் உங்கள் கீ எங்கே வேலை பார்த்தது என்பதற்கான ஒரே சாட்சி போயிருக்கும். எண்ணைப் படிக்க, அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பித்தளையோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் போட்டோ எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து இலக்கம் தெரியும். வெளிச்சத்தை நாலு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்கவேண்டும், ஒரு பக்கத்தில் தெரியாத கோடு அடுத்த பக்கத்தில் தெரியும்.

நட்டுக்கு வருகிறேன். 4.7 மி.மீ. என்றால் அது 2 பிஏ, பிரிட்டிஷ் அசோசியேஷன் அளவு. பிரிட்டிஷ் கருவிகளில் இந்தப் பிஏ திருகுதான், 1880களில் வந்த அளவு. 0 பிஏ 6 மி.மீ., 2 பிஏ 4.7, 4 பிஏ 3.6, 6 பிஏ 2.8. 2 பிஏயின் புரி இடைவெளி 0.81 மி.மீ., எம்5இன் இடைவெளி 0.8. கிட்டத்தட்ட ஒன்றேபோல இருப்பதால்தான் எம்5 நட்டு ஏறியது, குறுக்களவு பெரிதானதால்தான் பிடிக்கவில்லை. இதைத் தலைகீழாகச் செய்துவிடாதீர்கள், அதாவது எம்5 போல்ட்டைப் பழைய 2 பிஏ துளையில் திருகாதீர்கள். முதல் சுற்று ஏறும், அப்புறம் பலவந்தம் பண்ணினால் துளையின் புரியை வெட்டிவிடும், அதைச் சரிசெய்வது நரக வேதனை. பழைய பிரிட்டிஷ் அளவுமானி, டெலிபோன், வால்வு ரேடியோ, இவற்றின் உடைசலில் 2 பிஏ நட்டு அகப்படும். மதுரையிலோ திருச்சியிலோ காயலான் கடையில் பழைய மீட்டர் ஒன்று வாங்கிக் கழற்றினாலே கைநிறைய வரும். கிடைக்காவிட்டால் 2 பிஏ டேப் (புரி வெட்டும் கருவி) வைத்திருக்கும் லேத் பட்டறையில் பித்தளைக் கம்பியில் ஒன்று கடைந்து வாங்குங்கள்.

நட்டு வந்ததும் பிவட்டை (கை ஏறி இறங்கும் அச்சை) இப்படி வையுங்கள். ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். பக்கத் திருகை மெல்ல இறுக்கிக்கொண்டே கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்தி, மயிரிழை பின்னால் திருப்பி, திருகைப் பிடித்துக்கொண்டு நட்டைப் பூட்டுங்கள். பூட்டும்போது திருகும் சேர்ந்து சுற்றும், அதனால் மறுபடி சோதிக்கவேண்டும். கையைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே கீழே விழவேண்டும், பக்கவாட்டில் அசையக்கூடாது. இரண்டும் சேர்ந்து அமைந்தால்தான் சரி. தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனையில் தொட்டு வைத்தால் போதும், ஊற்றவேண்டாம். உங்கள் மாதிரிக் கீயில் நடு முனையிலிருந்து மின்சாரம் பிவட் வழியாகத்தான் கைக்கு ஏறுகிறது, எண்ணெய் அதிகமானால் சத்தத்தில் கரகரப்பு வரும்.

மீனா_சிவகங்கை:

ஐயா, 2 பிஏ நட்டு கிடைத்துவிட்டது! எங்கள் ஊர் ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒரு பழைய வோல்ட்மீட்டரிலிருந்து கழற்றிக் கொடுத்தார், காசே வாங்கவில்லை. கை இப்போது ஆடவில்லை. பேப்பர் இழுக்கும் வேலையில் முதல் துண்டில் கரிக்கோடு மாதிரி விழுந்தது, போகப்போக வெளுத்துவிட்டது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எண் 417 என்று தெளிவாகத் தெரிகிறது. டைட்டானிக் கீயை விட்டுவிட்டேன், ஸ்பார்க்ஸ் சாருக்கு நன்றி.

ரிக்கில் மோனோ பிளக் போட்டு மாட்டினேன், மெனுவில் ஸ்ட்ரெய்ட் கீ என்று மாற்றியதும் பேசியது. இடைவெளியும் ஸ்பிரிங்கும் எவ்வளவு வைக்க? என் பிளாஸ்டிக் கீயைவிட இதன் குமிழ் ரொம்ப உயரம், முழங்கையை மேஜையில் வைத்தால் மணிக்கட்டு அந்தரத்தில் நிற்கிறது, சீக்கிரம் வலிக்கிறது. அதோடு அடிக்கும்போது பலகையே நகர்கிறது. மேஜையில் திருகிவிடட்டுமா?

பழைய_தந்திக்காரன்:

உங்கள் பிளாஸ்டிக் கீ அமெரிக்கப் பாணி, தட்டைக் குமிழ், முழங்கை முழுக்க மேஜையில் கிடக்கும். இது பிரிட்டிஷ் பாணி. கீயை மேஜையின் உள்ளே தள்ளி வைக்காமல் விளிம்பருகே கொண்டுவாருங்கள். முழங்கை மேஜைக்கு வெளியே, உடம்பை ஒட்டித் தொங்கட்டும், முன்கை தரைக்கு மட்டமாக இருக்கட்டும். அதற்கு நாற்காலியை ஏற்றவேண்டுமானால் ஏற்றுங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் குமிழின் இரண்டு பக்கம், ஆள்காட்டி விரல் மேலே. குமிழைத் தட்டக்கூடாது, பிடித்துக்கொண்டே மணிக்கட்டை இறக்கி ஏற்றவேண்டும். விரலை எடுத்து எடுத்துத் தட்டினால்தான் வலிக்கும்.

இடைவெளிக்கு முன்காண்டாக்டில் மூன்று மடிப்புப் பேப்பர் நுழையும் அளவில் தொடங்குங்கள். கை பழகப் பழக ஒரு மடிப்புக்குக் குறைக்கலாம். ஸ்பிரிங் கையைத் தூக்கும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதும். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் தளர்ச்சி, கோடு நடுவில் அறுந்தால் ஸ்பிரிங் அதிகம். 'எச்' எழுத்தையும் '5'ஐயும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள், நாலு புள்ளியும் ஐந்து புள்ளியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று.

அந்தத் தேக்கில் புதுத் துளை போடாதீர்கள். மூலைகளில் பழைய துளைகள் இருக்கும், ஸ்டேஷன் மேஜையில் அப்படித்தான் பூட்டியிருப்பார்கள். லேத் பட்டறையில் 8 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றைப் பலகையைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, அந்தத் துளைகளுக்கு நேராக டேப் அடித்து வாங்குங்கள். அடியில் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டிவிட்டால் நகராது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய அட்டை வையுங்கள், இரும்பின் துரு தேக்கில் கறை பிடிக்காமல் இருக்கும்.